கீழ்வீட்டு அக்காவும் இருபத்தாறு டிகிரியும்

பனியன் கம்பெனிகள் நிறைந்த ராயபுரத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்ப் பகுதியில் இருந்தவர் அவர். வீட்டுக்காரம்மா என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது, குழாய் ஒழுகினால் ஆள் கூட்டி வருவது எல்லாம் அவருடைய கணவர். அக்காவின் இலாகா கேள்வி. வீடு பார்க்கப் போன அன்றே எங்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார். நாங்கள் பயந்துகொண்டு போன கேள்விகள் எதுவும் வரவில்லை. என்ன ஆளுங்க, எவ்வளவு சம்பளம், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் ஏன் குழந்தை இல்லை, இதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"தூத்துக்குடிப் பக்கம்னு சொல்றீங்க. உப்பளத்துல வேலை செய்யறவங்க ஊட்டுல உப்பை வெலைக்கு வாங்குவாங்களா, இல்ல அங்கிருந்தே எடுத்துக்குவாங்களா தம்பி?"

என் மனைவி கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த ஊரில் உப்பு எப்படி வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்லுதேங்க்கா" என்றாள் கிரேஸ். அடுத்த முறை ஊருக்குப் போனபோது வேலை மெனக்கெட்டு விசாரித்துக்கொண்டும் வந்தாள். அக்கா ஆளைப் பிடிக்கிற விதம் அது.

அவரிடம் வம்பு கிடையாது. வம்பு தேடி வந்தாலும் அவர் கையில் வேறு ஏதோவாக மாறிவிடும். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் மூச்சு வாங்க வந்து, தெருமுனை வீட்டுப் பெண் அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு யாரோடோ போய்விட்டதாகச் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த அடுப்பை யாரு அணைச்சாங்க?" என்றார். எதிர்வீட்டு அம்மாள் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வரவில்லை.

புது வாஷிங் மெஷின் வந்த அன்று, அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் துவைப்பை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தார். ஓட்டிக் காட்ட வந்த கம்பெனி ஆளிடம், "தண்ணி போதும்னு இதுக்கு யாருங்க சொல்றது?" என்று கேட்டார். அவர் ஏதோ சொன்னார். "சரிங்க, அதுக்கு யாரு சொல்றது?" என்றார். அந்த மனிதர் பாதி டீயோடு எழுந்து போனதை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். நான் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்சண்டைசர். நாளைக்கு நூறு லேபிள் பார்க்கிறவன். அக்கா ஒருநாள் என் ரிஜெக்ட் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, ப்ளீச் போடாதே என்பதற்கு ஏன் முக்கோணம் போடுகிறார்கள், சதுரம் போட்டால் ஆகாதா என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அவர் முன்னால் அலுவலகச் சட்டையோடு நிற்பதைக் குறைத்துக்கொண்டேன்.

கணவர் வீட்டின் முன்பக்க ஷெட்டில் காஜா பட்டன் மெஷின் இரண்டை வைத்துக்கொண்டு, பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாயே திறக்க மாட்டார். ஒருமுறை நான் அதைக் கிண்டலாகச் சொன்னபோது, "இத்தனை வருசமா பதில் சொல்லிச் சொல்லி என்ற பங்கு தீந்து போச்சுங்க தம்பி" என்றார். சிரிக்கவில்லை. அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி நாங்கள் அவர்களைக் கேட்டதில்லை, அவர்கள் எங்களைக் கேட்டதில்லை.

இன்னொரு பழக்கம் உண்டு அக்காவுக்கு. தலைமுறையாக நெசவு செய்த குடும்பம், முருகன்தான் எல்லாம். சமையலறையை ஒட்டி ஒரு சுவர் அலமாரியில் முருகன் படம், வேல், இரண்டு பெரிய விளக்கு. வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அதற்குக் குங்குமம் வைத்து, அந்த அலமாரியில் ஒரு விளக்கு எரிந்து அணைகிற நேரம் வைத்துத்தான் எடுப்பார். மிக்சி, செல்போன் சார்ஜர், கணவர் வாங்கி வந்த ஊசிப் பாக்கெட், எல்லாம் அங்கே போய்த்தான் வரும். நான் புது ஹெல்மெட் வாங்கியபோது அதையும் கேட்டார்.

"உங்க சாமி கோவிச்சுக்காதுங்களே?"

"ஹெல்மெட்டு எந்தக் கோயிலுக்கும் போகாதுக்கா, எடுத்துக்கோங்க" என்றாள் கிரேஸ்.

"புது சாமானுக்கு ஊடு பழகோணுமில்லீங்க கண்ணு. அதுக்கோசரம்." கிரேஸை அவர் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

ஹெல்மெட் இரண்டு பொட்டோடு திரும்பி வந்தது. நான் அதை அழிக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் பார்ப்பார்கள்.

அப்புறம் எங்களுக்குக் குழந்தை உண்டானது. ஏழு வருஷம் காத்திருந்து வந்தது, எட்டாம் மாதம் முடியும் வரை கூடக் காத்திருக்கவில்லை. மகள். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். போன் செய்த எல்லாரும் தைரியமாக இரு என்றார்கள். அக்கா மட்டும், "தம்பி, அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள காத்து எந்த வழியாப் போகுதுங்க?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் கேட்டுவிட்டாரே என்று போய் நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் என்னை உள்ளே அழைத்துப் போய்க் காற்று வரும் வழி, சூட்டைப் பார்த்துக்கொள்ளும் சிறு குமிழ் எல்லாவற்றையும் காட்டினாள். அன்றுதான் முதல் தடவையாக நான் பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருந்த குழந்தையை நிதானமாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அறையின் சூடு இருபத்தாறு டிகிரிக்குக் குறையக் கூடாது, இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது. எடை ஏறும் வரை வெளியாள் யாரும் தூக்கக் கூடாது. இவளுக்கு உடம்பில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கொழுப்பு இல்லை, குளிர்ந்தால் பால் குடிக்க மாட்டாள், பால் குடிக்காவிட்டால் இன்னும் குளிர்வாள் என்றார். எங்கள் மாடி வீட்டுக்கு மேலே தகர ஷீட். மத்தியானம் வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று வந்தால் பொழுது சாயும்போதே சில்லிட்டுவிடும்.

ரூம் ஹீட்டர் கேட்டபோது கடைக்காரர், "கொடைக்கானல்ல ஊடு வாங்கிட்டீங்களாக்கும்?" என்றார். ஒரு எண்ணெய் ஹீட்டரைத் தூசி தட்டிக் கொடுத்தார். அதன் திருகை எந்தப் பக்கம் வைத்தாலும் அறை ஒன்று அடுப்பாகும், இல்லை ஆறிப்போகும். எங்கள் அலுவலகத்துக்குத் துணி வாங்க வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவர்தான், அவர் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஒரு சாமானைப் பற்றிச் சொன்னார். தெர்மோஸ்டாட். எவ்வளவு சூடு வேண்டும், எந்த நேரத்துக்கு வேண்டும் என்று வைத்துவிட்டால் ஹீட்டரை அதுவே போட்டு அதுவே அணைக்கும். ஒயர் இல்லாதது. ஆன்லைனில் வாங்கினேன்.

அதை நான் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, அக்கா அறைக்கு வெளியே கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர மாட்டார், டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும். பெட்டிக்குள் இரண்டு சாமான். ஒன்று, சுவரில் இருக்கும் பவர் பிளக்கில் செருகுவது. ஹீட்டரின் பிளக்கை அதன் மேல் செருக வேண்டும். இன்னொன்று உள்ளங்கை அளவு, முகப்பில் எண் தெரிவது, பேட்டரி போடுவது.

"ரெண்டுக்கும் நடுவால ஒயர் எங்கீங்க தம்பி?"

"ஒயர் கிடையாதுக்கா."

"அப்புறம் எப்படிச் சொல்லும்?"

"ரேடியோ மாதிரி."

"ரேடியோ பாடும். இது சொல்றது அதுக்கு மட்டும் எப்படிங்க புரியுது? எதுத்த ஊட்டுல ஒருத்தர் இதே மாதிரி வெச்சிருந்தா?"

இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இரண்டையும் முதலில் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்த வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்தால் சிறு விளக்கு மினுக்கும், மினுக்கல் நின்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேறு யார் சொன்னாலும் கேட்காது. செய்து காட்டினேன். விளக்கு நின்றபோது அக்கா தொடையில் தட்டிக்கொண்டார்.

"கண்ணாலமே முடிச்சு வெச்சுட்டீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் போனாலும் வேலை செய்யுமா என்பது அடுத்த கேள்வி. அதையும் பார்த்துவிடலாம் என்று கையிலிருப்பதை அவரிடம் கொடுத்தேன். படி இறங்கித் தன் சமையலறை வரை போனார். எண்ணை ஏற்றி இறக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். மேலே பிளக்கில் 'டிக்' என்று சத்தம் வந்தது, ஹீட்டரின் விளக்கு எரிந்தது. "கேட்டுதுங்களா?" என்றார் கீழேயிருந்து. கேட்டது என்றேன். மறுபடி ஒரு டிக், விளக்கு அணைந்தது. இப்படியே ஏழெட்டு முறை. கிரேஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்கா கொஞ்சம் தயங்கினார். "முருகன் முன்னால ஒரு பொழுது வெச்சுக் குடுக்கட்டுங்களா?"

"இப்ப உடனே வேணும்க்கா. அப்புறம் வச்சுக்கலாம்."

"ஆகட்டுங்க. அவசரமில்லீங்க."

சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து விடியும் வரை இருபத்தாறு என்று நேரம் வைத்தேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் அது இருந்தது. நாங்கள் அதை ரிமோட் என்றே சொல்லிப் பழகினோம், டிவிக்கு இருப்பது போல. டிக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வந்தது.

கார்த்திகை தீபம் வந்தது. அன்று மத்தியானத்திலிருந்தே தூறல், நல்ல காற்று. நான் ஷிப்மெண்ட் வேலையில் மாட்டிக்கொண்டேன். அக்கா பொழுது சாய, எங்கள் மாடிப்படியிலும் விளக்கு வைக்க வந்திருக்கிறார். அது நாங்கள் சம்மதித்ததுதான். கதவு திறந்திருந்தது. கிரேஸ் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள், தொட்டிலில் குழந்தை. ஸ்டூல் மேல் அது. ஹீட்டர் அதன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய கார்த்திகை, இதைவிட நல்ல நாள் வராது. எப்படியும் எல்லாம் முன்கூட்டியே வைத்தாகிவிட்டது, ரிமோட் சும்மாதானே கிடக்கிறது என்று அக்கா நினைத்தார். சூட்டைப் பார்ப்பது ஹீட்டருக்குப் பக்கத்தில் பிளக்கில் இருப்பது என்பது அவர் கணக்கு. நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பதுதானே நெருப்பைப் பார்க்கும். எடுத்துக்கொண்டு பூனை மாதிரி படி இறங்கிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது தெரு முழுக்க விளக்கு. அறைக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வெளியே இருந்த அதே குளிர் உள்ளேயும் இருந்தது. ஹீட்டரைத் தொட்டேன், ஆறிக் கிடந்தது. கிரேஸ் அப்போதுதான் எழுந்து குழந்தையைத் தூக்கினாள். "ஏங்க, பாதம் சில்லுன்னு இருக்கு. புள்ள பாலுக்கு வாயே திறக்க மாட்டேங்கா" என்றாள். அந்தக் குரலை எனக்கு இப்போதும் நினைக்கப் பிடிக்காது. ஸ்டூல் மேல் ஒன்றுமில்லை. எங்கே போயிருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிட்டுக் கீழே ஓடினேன்.

முருகன் அலமாரியில், வரிசையாக எரியும் அகல்களுக்கு நடுவே, மேலே ஒரு பொட்டு கீழே ஒரு பொட்டோடு அது நின்றிருந்தது. முகப்பில் முப்பத்து நான்கு. இவ்வளவு சூட்டுக்கு ஹீட்டர் எதற்கு என்று அது மேலே அணைத்து வைத்திருந்தது.

"என்னுங்க தம்பி?" என்றார் அக்கா. "ரிமோட்டுதானுங்களே?"

"இல்லக்கா. இது எங்க இருக்கோ அந்த இடத்துச் சூட்டைத்தான் இது பார்க்கும்."

அவர் அகல் விளக்குகளைப் பார்த்தார். அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு மேலே கூரையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மேலே ஓடி வந்துவிட்டேன்.

அக்காவின் கணவர் வண்டியை எடுத்துவிட்டார். கிரேஸ், நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி குழந்தையைத் துணியில்லாமல் தன் நெஞ்சோடு ஒட்டி வைத்துப் போர்த்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மகள் ஒருமுறை முனகினாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒருநாள் வைத்திருந்து அனுப்புகிறேன், பயமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் சொன்னாள். "நான் அவங்களக் குத்தஞ் சொல்லல. வேணும்னு செய்வாங்களா? ஆனா இனி அவங்க மேல வர வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொல்லிருங்க."

எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கீழே போனேன். அக்கா எனக்கு முந்திக்கொண்டார். "நான் மேல வரலீங்க தம்பி. கண்ணுகிட்டச் சொல்லிருங்க." அன்று என்னிடம் அவர் எதையுமே கேட்கவில்லை. எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை கணவர் எங்கள் கதவைத் தட்டினார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "எத்தனை காட்டுதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாளுங்க."

"இருபத்தாறு இருக்குண்ணா."

போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அந்தப் பேசாத மனிதர் தினமும் படியேறி வந்து இரவல் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றது பார்க்கப் பாவமாக இருந்தது. சில நாள் கேள்வி நீளமாக இருக்கும், பாதியில் மறந்துவிடும். "இன்னிக்கு மூடாக்கு போட்டிருக்குது, தகரம் காயல... அதனால அது மத்தியானமும்... ஏதோ கேக்கச் சொன்னாளுங்க, இருங்க" என்று மறுபடி கீழே போய்விட்டு வருவார். வெயில் இல்லாத மூடாக்கு நாளில் மத்தியானமும் ஹீட்டர் வேண்டியிருக்குமே, அதற்கு நேரம் வைத்திருக்கிறீர்களா என்பது கேள்வி. நான் வைத்திருக்கவில்லை. அன்றைக்கே வைத்தேன். பேட்டரி தீரப் போனால் முன்னாலேயே சொல்லுமா, கரண்ட் போய் வந்தால் நேரம் மறந்துபோகுமா, எல்லாம் கணவர் வாய்வழியாக வந்தது. கிரேஸ் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் பதில் சொல்ல மாட்டாள். பிறகு ஒருநாள், "நேத்து எடை பாத்தோம், ஏறியிருக்குன்னு சொல்லுங்கண்ணா" என்றாள். யாரும் கேட்காத பதில் அது. அவர் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார்.

தை மாதம் டாக்டர், இனி ஹீட்டர் வேண்டாம், யாரும் தூக்கலாம், கையைக் கழுவிக்கொண்டால் போதும் என்றார். வீட்டுக்கு வந்த கிரேஸ் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. குழந்தையோடு நேராகக் கீழ்வீட்டுக்குள் நுழைந்தாள். நான் பின்னால் போனேன்.

அக்கா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, சாம்பலும் சோப்புமாக இருந்த கையைக் குழாயில் காட்டிக் கழுவினார். மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். கிரேஸ் குழந்தையை நீட்டினாள். அக்கா கையை நீட்டியவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு. என்ற கை சில்லுனு இருக்குது. புள்ளைக்குக் குளுந்துரும்."

கிரேஸ் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து, தன் சேலைத் தலைப்பால் ஈரம் போகத் துடைத்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைக்குள் அவற்றை வைத்து மூடிக்கொண்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அவசரமில்லக்கா. சூடாகட்டும்" என்றாள் கிரேஸ்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கைகளைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "இப்பச் சரியா இருக்கு" என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் மகளைக் கொடுத்தேன். அக்கா அவளை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அழுதார். அழுதுகொண்டே கிரேஸிடம், "இன்னுஞ் சித்த நேரம் வெச்சிருக்கட்டுங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"வச்சிருங்கக்கா. நான் போய்க் காப்பி போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, கிரேஸ் திரும்பிப் பார்க்காமல் அக்காவின் சமையலறைக்குள் போனாள்.